பூட்டாத எஞ்சினும் என் சகலனும்

ரூஜ், ஸ்காபரோ
புரட்டாதிச் சனி

மொன்றியல் மாநகரில் மனைவி மக்களோடு சீராக வாழும் பெரியண்ணை கனகசிங்கம் அவர்கட்கு, உங்கள் மூத்த தங்கை தவமலரைக் கட்டிய கோணேஸ்வரன் பணிவோடு எழுதுவது. உங்கள் சுகத்தையும் அண்ணியின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல். இங்கே தவமலர் சுகம், மகள் துஷானி சுகம், போன மாரியில் இறுகிப்போயிருந்த கராஜ் கதவுகூடச் சுகம். நான் மட்டும் சுகமில்லை. டொக்டரிடம் காட்டக்கூடிய வருத்தமில்லை அண்ணை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இது பொறாமை. அதுவும் உங்கள் இளைய தங்கை பேபியின் கணவர், என் சகலன் சண்முகலிங்கத்தின் மேல். போனில் சொன்னால் தவமலர் பக்கத்தில் நின்று கேட்டுவிடுவாள் என்பதால்தான் கடிதம் எழுதுகிறேன்.

என் காரை மறந்திருக்கமாட்டீர்கள். துஷானியின் அரங்கேற்றத்துக்கு வந்தபோது கராஜுக்குள் போர்வை மூடிக் கிடந்ததைப் பார்த்து, "ஆர் செத்தது?" என்று கேட்டீர்களே, அதுதான். அறுபத்தொன்பதாம் ஆண்டின் அமெரிக்க மசில் கார், இரண்டே கதவு, நீண்ட மூக்கு, எஞ்சினை உசுப்பினால் அயலட்டம் அதிருகிற சாதி. துருவேறிய கறள் சுரண்டியது, தகரம் வெட்டி ஒட்டியது, கரும்பச்சைப் பெயின்ற் அடித்தது எல்லாம் என் கை. பெரிய சாமானில் எஞ்சின் மட்டும் பூட்டவில்லை, அது பேஸ்மென்றில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. பூட்டியிருக்கலாம், ஆனால் எங்கடை ஆக்களுக்குச் சனி ஞாயிறு என்று ஒன்று இருக்கிறதா? ஒரு கிழமை ஆற்றையோ பிறந்தநாள், அடுத்த கிழமை செத்தவீடு, அதற்கடுத்த கிழமை ஓவர்டைம். எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அந்தக் காரின் திறப்பைச் சாவித் துவாரத்தில் விட்டு முதல் தரம் நான் திருப்பவேண்டும், அது உறுமுவதை முதலில் நான் கேட்கவேண்டும். பிறகு ஆர் கொண்டுபோனாலும் கவலையில்லை.

போன மாரி முழுக்கத் தவமலரின் கார் வெளியில் பனிக்குள் நின்றது. ஒருநாள் விடிய வேலைக்குப் போக ஐஸ் சுரண்டிக்கொண்டிருந்தவள் சுரண்டியைத் தூக்கிக்கொண்டே உள்ளே வந்தாள். "உயிரோடை ஓடுறது வெளியிலை விறைக்குது, செத்தது உள்ளுக்குப் போத்துக்கொண்டு படுத்திருக்குது. ஒண்டில் அதை வில்லுங்கோ, இல்லாட்டி நீங்களும் அதுக்குள்ளையே போய்ப் படுங்கோ!" என்றாள். சரி, விற்போம் என்றேன். துஷானி இணையத்தில் விளம்பரம் போட்டாள், வாசகம் என்னுடையது: முடிக்காத வேலை, ஓடாது, ஓடுமென்று உத்தரவாதமும் இல்லை. வாசித்துவிட்டு, "அப்பா, இப்பிடி எழுதினா ஆர் வருவினம்? ஆர் யூ சீரியஸ்?" என்று கேட்டாள். அதுதான் பிள்ளை என் திட்டமே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனாலும் வந்தார்கள். ஒஷாவாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்து, கதவின் கீழ் விளிம்பில் நான் ஒட்டிய தகரத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவர் தடவிய விதத்தைப் பார்க்க எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது அண்ணை. இந்த மனிதன் பனி விழுமுன்னமே எஞ்சினைப் பூட்டி உறுமவிடுவான் என்று அந்த விரலிலேயே தெரிந்தது. சீற்றுக்குள் கறிமணம் ஏறிவிட்டது, என்ன செய்தாலும் போகாது என்றேன். தனக்குக் கறி நல்ல விருப்பம் என்றார் அவர். வேறு வழியில்லாமல், கார் நேற்றே விலைப்பட்டுவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். அடுத்து ஒரு இளம் சோடி வந்தது. அந்தப் பெட்டை கேட்காமலே சாரதி இருக்கையில் ஏறி இருந்து ஸ்ரியரிங்கைப் பிடித்தாள், நான் இறக்கிவிட்டேன். இப்படி வந்தவர்களையெல்லாம் நான் கலைத்துக்கொண்டிருக்க, ஒருநாள் வேலையால் வந்து பார்க்கிறேன், கராஜுக்குள் தவமலரின் கார் நிற்கிறது.

"எங்கையப்பா என்ரை கார்?" என்று தவமலரைக் கேட்டேன்.

"பேபியாக்கள் எடுத்தவை. எஞ்சினையும் தூக்கிக்கொண்டு போட்டினம். சொந்தத்துக்குள்ளைதானே, நினைச்ச நேரம் வோபர்னிலை அவையின்ரை வீட்டை போய்ப் பாக்கலாம்."

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு நிம்மதிதான். சண்முகலிங்கத்துக்கு எண்ணெய் எங்கே விடுவது, தண்ணீர் எங்கே விடுவது என்றே தெரியாது. அவர் வீட்டில் அது ஒருநாளும் ஸ்ரார்ட் ஆகாது, என் ஆசை பழுதாகாமல் அப்படியே கிடக்கும் என்று அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். பிறகுதான் ஆள் தன் மகள் கோபிகாவின் கலியாணத்தில் மாப்பிள்ளையை அந்தக் காரில் கொண்டுவரப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். "எஞ்சின் இல்லாமல் எப்பிடி ஐசே?" என்று கேட்டதற்கு, "எஞ்சின் என்னத்துக்கண்ணை? வடம் கட்டி இழுப்பம், தேர் மாதிரி" என்றார். நான் அந்தக் கிழமை முழுக்கச் சிரித்தேன். அண்ணை, நான் சிரித்திருக்கக் கூடாது.

நீங்கள் தாய்மாமன், உள்ளே மணவறைப் பக்கம் நின்றீர்கள், வெளியில் நடந்ததை வீடியோவில்தான் பார்த்திருப்பீர்கள். அந்த வீடியோவை நம்பாதேங்கோ. கார் பார்க்கிங்கில் என் காருக்கு இரண்டு பக்கமும் வாழை கட்டி, மூக்கில் பூமாலை போட்டு, மாப்பிள்ளை யசிந்தனை ஸ்ரியரிங்குக்கு முன்னாலும் தலைப்பாகைத் தோழனைப் பக்கத்திலும் இருத்தி, வேட்டி கட்டின மாமன்மார் சித்தப்பன்மார் எல்லாரையும் வடத்தில் பிடிக்க வைத்துவிட்டார். எனக்கு மரியாதைக்கு வடத்தின் முன் நுனி. மேளம் முழங்க, அரோகரா சொல்லி இழுத்தோம். அந்த இடம் கலியாண ஹோல் வாசலை நோக்கிச் சாய்வு. இழுக்க வடம் கட்டினவைக்கு நிப்பாட்ட ஒண்டும் யோசிக்கத் தோன்றவில்லை, பிறேக் இன்னும் பூட்டவில்லை என்பது இந்த உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும், எனக்கும் அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. பாதி வழியில் வடம் தொய்ந்தது. திரும்பிப் பார்த்தால் கார் தன்பாட்டில் வருகிறது. நான் "பிறேக் இல்லை! பிறேக் இல்லை!" என்று கத்த, சனம் முழுக்க "அரோகரா!" என்றது. தவில்காரன் என்னைப் பார்த்து உற்சாகமாகி இன்னும் பலமாக அடிக்கிறான். வடத்தை எறிந்துவிட்டு ஓடிப்போய் மூக்கில் இரண்டு கையையும் ஊன்றி, கன்னத்தையும் வைத்துத் தள்ளினேன், புதுச் சப்பாத்து வழுக்குகிறது, வேட்டி அவிழுது, மாப்பிள்ளை உள்ளேயிருந்து சிரித்தபடி எனக்குக் கைகாட்டுகிறார். ஆரோ ஒரு புண்ணியவான் தேங்காய் மூட்டையை ரயருக்கு அடியில் குடுக்க, நிறைகுடத்துக்கு முன்னால் வந்து நின்றது.

வீடியோக்காரன் அந்த இடத்தை ஆறுதலாக, ஸ்லோமோஷனில் ஓடவிட்டு, பின்னணியில் சோகப் புல்லாங்குழல் வேறு போட்டிருக்கிறான். இப்போது சனம் என்ன சொல்லுது தெரியுமோ? கார் வித்த கவலையில் கோணேஸ் அண்ணை காரைக் கட்டிப்பிடிச்சு அழுதவராம். கண்ணீர் வந்தது உண்மைதான், ரயர் என் கால் பெருவிரலில் ஏறிவிட்டது. அதைவிட நொந்தது பந்தியில். வந்தவையெல்லாம், "சண்முகத்தின்ரை கார் கலாதி! பெயின்ற் ஆர் அடிச்சது?" என்று கேட்க, அந்த மனுசன் பாயசத்தைக் குடித்துக்கொண்டு, "எல்லாம் எங்கடை வீட்டு வேலைதான்" என்றார். எங்கடை வீடாம்! ஆற்றை வீடு? எனக்கு வடை இறங்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதமாட்டேன். இப்போது மரியோ என்று ஒரு இத்தாலி மெக்கானிக்கைப் பிடித்துத் தன் கராஜுக்குள் விட்டிருக்கிறார். வேலையால் வரும்போது நான் அந்தத் தெருவால் வருகிறேன், வோபர்ன் என் வழியில் இல்லை, இருந்தாலும் வருகிறேன். கராஜ் கதவு பூட்டியிருக்கும், உள்ளுக்கு ஸ்பானர் சத்தம் கேட்கும். ஒருநாள் என்றாலும் "அண்ணை வாங்கோ, வந்து பாருங்கோ" என்று ஒரு சொல் இல்லை. வேறொருத்தன் திறப்பைத் திருப்ப, அது உறும, அதை நான் வட்ஸ்அப்பிலை பாக்கிறதெண்டால் எனக்கு ஏலாதண்ணை. சத்தியமா ஏலாது. உந்த ஆள் உங்கடை சொல்லுக்கு மட்டும்தான் அடங்கும். நீங்கள் போன் எடுத்து, கிரகம் சரியில்லை எண்டோ, பேபிக்குக் கெட்ட கனாக் கண்டனான் எண்டோ, என்னவாவது சொல்லிக் காரைத் திருப்பித் தரச் செய்யுங்கோ. தவமலரின்ரை காருக்கு இந்த மாரி முழுக்க நான் ஐஸ் சுரண்டுறன்.

அண்ணியின் முழங்காலை முருகன் பார்த்துக்கொள்ளட்டும், பேரப்பிள்ளைகள் பிரெஞ்சோடு தமிழும் பேசி வளரட்டும் என்று வாழ்த்தி, பெருவிரல் வீக்கம் இன்னும் வற்றாத உங்கள் மைத்துனன்,
கோணேஸ்வரன்

பி.கு: கடிதத்தை உறையில் போட்டு முத்திரையும் ஒட்டியாகிவிட்டது, அப்போது வாசல் மணி அடித்தது. திறந்தால் சண்முகலிங்கம், கையில் திறப்பு. "மரியோ போன கிழமையே எல்லாம் பூட்டி முடிச்சிட்டானண்ணை. திருப்பிப் பார், திருப்பிப் பார் எண்டு ஒரே ஆக்கினை. நான் விடேல்லை. உது கோணேஸ் அண்ணையின்ரை கைவேலை, அவர்தான் முதல் திருப்பவேணும் எண்டு சொல்லிப்போட்டன். முதலே தெரிஞ்சால் சப்பெண்டு போயிடும் எண்டுதான் உங்களைக் கராஜ் பக்கம் கூப்பிடேல்லை. ஐயரிட்டைக் கேட்டனான், நாளைக்குக் காலமை நல்ல நேரமாம். வாறியள்தானே?" என்றார். ஓம் என்று தலையை ஆட்டினேன். ஆகவே உறையைக் கிழித்து இதையும் எழுதுகிறேன் அண்ணை, போன் எடுக்கவேண்டாம், மேலே எழுதினதெல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள்ளுங்கோ. ஆனால் எரிச்சல் அடங்கினது என்று மட்டும் நினைக்கவேண்டாம், கூடித்தான் போச்சு. சண்முகத்தின்ரை இடத்திலை நான் இருந்திருந்தால் போன கிழமையே திருப்பியிருப்பன். அந்த நல்ல மனசும் அவனிட்டையே போய்ச் சேர்ந்திருக்குது பாருங்கோ.