லிஃப்டுக்குள் அழுதது யார்?

இந்தத் தடவை பொய் சொல்லியாவது பாஸாகிவிடுவது என்று லிஃப்ட் மெக்கானிக் தீர்மானம் செய்துவிட்டார். பல் விளக்கிக்கொண்டே செய்த தீர்மானம். வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைப் பார்த்து, "இந்த வாட்டி விடறதில்ல" என்றார். கண்ணாடி முழுக்க நுரை தெறித்தது. அதை யார் துடைப்பது என்று அவர் யோசிக்கவில்லை. எந்தத் தீர்மானத்திலும் அந்தப் பகுதியை அவர் யோசிப்பதில்லை.

விஷயம் இதுதான். கம்பெனியில் தலைமை மெக்கானிக் ஓய்வு பெறுகிறார். பதினெட்டு வருஷம் எண்ணெயும் கிரீஸுமாக உழைத்த இவருக்குத்தான் அந்த நாற்காலி வரவேண்டும். ஆனால் மேனேஜர், "இங்கிலீஷ் வகுப்புல பாஸ் பண்ணின சீட்டைக் கொண்டா, நாற்காலியைக் கொண்டு போ" என்று சொல்லிவிட்டார். வகுப்பில் கடைசிப் பரீட்சை ஒன்றே ஒன்று. சொந்த அனுபவம் ஒன்றை மூன்று நிமிஷம், காகிதம் பார்க்காமல், இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

முதல் தடவை அவர் பசுவைப் பற்றிப் பேசினார். கைடு புத்தகத்தில் அதுதான் இருந்தது. "பசுவுக்கு நாலு கால் இருக்கறது உங்க சொந்த அனுபவமா?" என்று டீச்சரம்மா கேட்டார். இரண்டாம் தடவை "குட் ஈவ்னிங்" என்றார். அப்புறம் மூன்று நிமிஷம் மின்விசிறியையே பார்த்தார். அப்புறம் "தேங்க் யூ" என்றார். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் நாற்காலி மச்சினனுக்குப் போய்விடும். மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. இவருக்குக் கீழே நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவன். ஆனால் முதல் தடவையிலேயே பாஸானவன். அவனைப் போய் 'சார்' என்று கூப்பிடுவதா?

"எனக்கு என்னடி அனுபவம் இருக்கு, சொல்றதுக்கு?" என்று மனைவியிடம் புலம்பினார்.

அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டுதான் எப்போதும் உட்கார்ந்திருப்பாள். குண்டூசி இருக்கும்வரை வாய் திறக்காது. அதனால் அவளிடம் பேச அவருக்கு அந்த நேரம்தான் பிடிக்கும். அன்றைக்கு அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"ஏன் இல்ல? அந்த லிஃப்ட் விஷயம் இருக்கே."

"ஏய், மெதுவா! ஜன்னல் தொறந்திருக்கு."

"தொறந்திருந்தா என்ன? நீங்க திருடிட்டா வந்தீங்க?"

"வேற ஏதாவது சொல்லு."

"வேற என்ன அனுபவம் இருக்கு உங்களுக்கு? தூங்கறதுதான் இருக்கு. அதை மூணு நிமிஷத்துல சொல்லி முடிக்க முடியாது."

அந்த லிஃப்ட் விஷயம் ஆறு மாசத்துக்கு முன்னால் நடந்தது. ஒரு நாலு மாடிக் கிடங்கு. வார விடுமுறை, ஈ காக்கை கிடையாது. லிஃப்டைச் சோதிக்கப் போனால் இரண்டு பேராகப் போக வேண்டும் என்பது கம்பெனி விதி. ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் மேலே மோட்டார் அறையில். இவர், 'நமக்குத் தெரியாத லிஃப்டா' என்று தனியாகப் போனார். கைப்பேசியை மோட்டார் அறையிலேயே வைத்துவிட்டு லிஃப்டுக்குள் ஏறினார். அது மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றுகொண்டது. ஒரு மணி நேரம் கத்தினார். அப்புறம் கத்துவதை விட்டுவிட்டு வேறொன்று செய்தார். அதைச் சொன்னால் அவருக்கு ரோஷம் வரும்.

அன்றைக்கென்று பார்த்து வீட்டுச் சாவி இரண்டையும் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு போயிருந்தார். தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வந்த மனைவி, பூட்டின வீட்டு முன்னால் நின்று பார்த்துவிட்டு, கோபத்தோடு கிடங்குக்கே நடந்தாள். படியேறும்போது சுவருக்குள்ளிருந்து புருஷன் குரல் கேட்டது.

"ஐயோ, யாராவது இருக்கீங்களா?"

"சாவி எங்க?" என்றாள் அவள்.

"அடியே, நீயா! என்னைக் காப்பாத்து!"

"மொதல்ல சாவி எங்கன்னு சொல்லுங்க."

அப்புறம் அவள் மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறினாள். உள்ளேயிருந்து அவர் கத்திக் கத்திச் சொல்ல, பெரிய சுவிட்சை அணைத்தாள். இடது கையால் பிரேக்கைத் தளர்த்திப் பிடித்து, வலது கையால் மோட்டார்ச் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினாள். லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கி மூன்றாம் மாடியில் வந்து நின்றது. அவள் மோட்டார் அறையில் தொங்கிய லிஃப்ட் சாவியோடு கீழே வந்து கதவைத் திறந்ததும், மூக்கு சிவந்துபோய் வெளியே வந்த மெக்கானிக் சொன்ன முதல் வார்த்தை: "யார்கிட்டயும் சொல்லிடாதே." அவளும் சொல்லவில்லை. கூடப் பிறந்த தம்பியிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது மெக்கானிக்குக்கு ஒரு யோசனை உதித்தது. நல்ல அனுபவம்தான். ஆட்களை மட்டும் இடம் மாற்றிவிட்டால் என்ன? உள்ளே மாட்டிக்கொண்டு அழுதது மனைவி. சக்கரம் சுற்றிக் காப்பாற்றியது புருஷன். லிஃப்ட் அதே லிஃப்ட்தானே!

அகராதியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி எழுதி முடித்தார். தையல் மிஷின் பக்கத்தில் நின்று உரக்கப் படித்துப் பழகினார்.

"இது எதைப் பத்திங்க?" என்றாள் மனைவி.

"அதுவா? ஒரு கஸ்டமர் அம்மா லிஃப்டுல மாட்டிக்கிட்டாங்க. நான் போய்க் காப்பாத்தினேன்."

"எந்தம்மா?"

"உனக்குத் தெரியாது. குண்டா இருப்பாங்க."

அவள் எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தப் பேச்சில் 'மை ஒய்ஃப்' என்று பதினோரு இடத்தில் வந்தது. தையல் மிஷின் சட்டென்று நின்றது. பிறகு ஓட ஆரம்பித்தது. மெக்கானிக், நூல் அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு சிக்கல் இருந்தது. போன பரீட்சையில் மூன்று பேர் ஒரே ஆற்றில் விழுந்த ஒரே பையனைக் காப்பாற்றியிருந்தார்கள். அதிலிருந்து டீச்சரம்மா ஒரு புது விதி போட்டிருந்தார். பேசுகிறவர் வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிவர வேண்டும். பேச்சு முடிந்ததும் 'இது நடந்ததுதானா' என்று டீச்சரம்மா அவரைக் கேட்பார்.

"டீச்சர் இங்கிலீஷ்ல என்னமோ கேப்பாங்க. நீ எழுந்து நின்னு 'எஸ் மேடம்' னு சொல்லணும். எங்க, சொல்லு."

"எஸ் மேடம்."

"எது கேட்டாலும் அதேதான். ஒண்ணு கூட்டக் கூடாது, ஒண்ணு குறைக்கக் கூடாது."

"எது கேட்டாலுமா?"

"எது கேட்டாலும்."

"சரிங்க," என்றாள் அவள் பதவிசாக. பதினெட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு பதவிசாகச் சரி சொன்னதில்லை. அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். எங்கே!

அதற்கப்புறம் அவள் உதவியும் செய்ய ஆரம்பித்தாள். "பேச்சு ரெண்டு நிமிஷத்துலயே முடிஞ்சிருதே. அந்தம்மா உள்ள மாட்டிக்கிட்டதைக் கொஞ்சம் விவரமா போடக் கூடாதா? உள்ள எப்படி இருக்கும்?"

கேட்டதுதான் தாமதம். தொழிலைப் பற்றிக் கேட்டால் அவர் வாயை மூட முடியாது. "எப்படி இருக்குமா? தலைக்கு மேல முப்பத்திநாலு ஸ்க்ரூ. அதுல ரெண்டு வேற சைஸு. கதவு ரோலர் ஒரு பக்கமா நாலு மில்லி தேஞ்சிருக்கு. சுவத்துல கேபிள் உரசின கோடு. எவனோ அரைகுறை வேலை பார்த்திருக்கான்..."

"அடடா! அதெல்லாம் போடுங்க. கேக்கறவங்களுக்கு நேர்ல பார்த்த மாதிரி இருக்கும்."

போட்டார்.

"சக்கரம் சுத்தினதைப் பத்தி ஒரு வரிதான் இருக்கு. அது எப்படின்னு சொல்ல வேணாமா?"

"எப்படின்னா... சுத்தறதுதான்."

"காலர் மடிப்புல ஊசி வர்றப்போ மிஷின் சக்கரத்தைக் கையால தொட்டுத் தொட்டு நகர்த்துவோமே, அந்த மாதிரி. ஒரு பல்லு கூடினாலும் துணி போச்சு. அப்படிப் போடுங்க."

"பிரமாதம்டி! இந்தத் தலைக்குள்ள இவ்வளவு இருக்கா?" அதையும் போட்டார். பேச்சு கச்சிதமாக மூன்று நிமிஷம் ஆயிற்று.

அந்த நாளும் வந்தது. வகுப்பறையில் முப்பது பேர். கடைசி வரிசையில், அக்கா பேரில் உள்ள பாசத்தால் வந்ததாகச் சொல்லிக்கொண்டு, மச்சினன். மெக்கானிக் கரும்பலகை முன்னால் போய் நின்றார். மின்விசிறியைப் பார்க்கவில்லை. ஓடு ஓடென்று ஓடினார். என் மனைவி லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். ஒரே ஒரு சின்ன விளக்கு. பயத்தில் கதறி அழுதாள். அழுதுகொண்டே அண்ணாந்து பார்த்தாள். முப்பத்திநாலு ஸ்க்ரூ, அதில் இரண்டு வேறு அளவு. கதவு ரோலர் நாலு மில்லிமீட்டர் தேய்ந்திருப்பதைக் கண்டு மேலும் அழுதாள். நான் மேலே ஏறினேன். காலர் மடிப்பில் ஊசி வரும்போது நகர்த்துவது போலச் சக்கரத்தை நகர்த்தினேன். மனைவி காப்பாற்றப்பட்டாள். நீங்கள் என் தெய்வம் என்றாள். தேங்க் யூ.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மச்சினன் முகம் தொங்கிப்போனதை மெக்கானிக் கண் குளிரப் பார்த்தார்.

டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்து, என்ன தொழில் செய்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். புரியவில்லையோ என்று கைவிரலால் ஊசி குத்துவதுபோல் காட்டி, "டைலர்?" என்றார்.

மனைவி எழுந்து நின்றாள். "எஸ் மேடம்."

மெக்கானிக், 'அப்படித்தான், அப்படித்தான்' என்று தலையை ஆட்டினார்.

டீச்சரம்மா அடுத்த கேள்வியை மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். அப்படியென்றால் சக்கரம் சுற்றினது நீங்களா?

"எஸ் மேடம்."

மெக்கானிக்கின் தலை ஆட்டம் பாதியில் நின்றது. 

லிஃப்டுக்குள் இருந்தது உங்கள் கணவரா?

"எஸ் மேடம்."

"நோ, நோ! மேடம், அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது! சும்மா சொல்றா!" என்று மெக்கானிக் தமிழில் அலறினார்.

அப்படியானால், என்றார் டீச்சரம்மா, அழுதது?

இதற்கு 'எஸ்' சொல்ல வழியில்லை. அறை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சொல்லிக் கொடுத்ததற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டக் கூடாதல்லவா? அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். கூடவே முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சினன் எழுந்து நின்று பார்த்தான்.

"மிஸ்டர் மெக்கானிக்," என்றார் டீச்சரம்மா, இப்போது தமிழில். "அழுதுகிட்டே ரோலர் தேய்மானம் அளக்கற பொம்பளையை நான் பார்த்ததில்ல. காலர் தைக்கிற லிஃப்ட் மெக்கானிக்கையும் பார்த்ததில்ல. உங்களுக்கு இன்னும் மூணு நிமிஷம் தரேன். உள்ளே இருந்தவரே சொல்லட்டும். இல்லேன்னா வீட்டுக்குப் போகலாம்."

காகிதமும் இல்லை, மனப்பாடமும் இல்லை. நாற்காலி ஒரு பக்கம், மச்சினன் ஒரு பக்கம். மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அன்றைக்கு மூன்றாம் மாடியில் கதவைத் திறந்துவிட்டு நின்றாளே, அதே முகம்.

"ஐ... கோ அலோன்," என்றார். "ராங். லிஃப்ட் ஸ்டாப். ஐ க்ரை. மை ஒய்ஃப் கம். ஷி ஆஸ்க், வேர் கீ?"

அறை வெடித்தது. சாவியில் ஆரம்பித்த சிரிப்பு சக்கரம் வரைக்கும் நிற்கவில்லை. அவருக்கும் வேகம் பிடித்துக்கொண்டது. தன் மூக்கு சிவந்ததைக்கூட விடாமல் சொன்னார். மூன்று நிமிஷம் ஏழு நிமிஷமாயிற்று. டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாஸ்!

திரும்பி வரும்போது மெக்கானிக் வழியெல்லாம் பொருமினார். "யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"நான் எங்க சொன்னேன்? ஊரைக் கூட்டிச் சொன்னது நீங்க. நான் நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் சொன்னேன்."

"அவங்க கேட்டது உனக்குப் புரிஞ்சுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"பார்த்து நடங்க. குழி இருக்கு."

மறுநாள் சீட்டை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனார். ஆனால் மச்சினன் காலையிலேயே அவரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். மேனேஜருக்கு முழுக் கதையும் தெரிந்திருந்தது. விதியை மீறித் தனியாகப் போனதற்கு அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அப்புறம் சீட்டைப் பார்த்தார். பேச்சு பேச்சுதான் என்று நாற்காலியைக் கொடுத்தார். கொடுத்த கையோடு முதல் உத்தரவையும் போட்டார். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஆளைக் கையால் சக்கரம் சுற்றி இறக்குவது எப்படி என்று எல்லா மெக்கானிக்குகளுக்கும் செய்து காட்ட வேண்டும். செய்து பார்த்த ஆள் கம்பெனியில் யாரும் இல்லாததால், தலைமை மெக்கானிக்கின் மனைவி வந்து சொல்லித்தர வேண்டும்.

திங்கட்கிழமை காலை. மொட்டைமாடி மோட்டார் அறையில் பன்னிரண்டு மெக்கானிக்குகள் கை கட்டி நின்றார்கள். நடுவில் அவள், சக்கரத்தில் கை வைத்தபடி. முன்வரிசையில் அவள் தம்பி நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருந்தான். இறக்கிக் காட்டுவதற்கு உள்ளே ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அனுபவம் உள்ள ஆளாக இருந்தால் நல்லது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில், புது நாற்காலிக்குச் சொந்தக்காரர் இருட்டில் நின்றுகொண்டிருந்தார். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று.

"என்னடி பண்றே மேல? இறக்கு!" என்று கத்தினார்.

"கொஞ்சம் பொறுங்க," என்று மேலேயிருந்து குரல் வந்தது. "இங்க எல்லாருக்கும் டீ வந்திருக்கு."