சின்னப்பருக்கு ஒன்பதாம் நம்பர் செருப்பு

ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவன் எதை வேண்டுமானாலும் நேர்ந்துகொள்வான். மற்றவர்களுக்கு மொட்டையோ மெழுகுவர்த்தியோ தோன்றும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் சாம்பிள் தைக்கிற எனக்குச் செருப்பு தோன்றியது.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்த என் மனைவி ரீட்டாவுக்கு வேலூரில் காலில் ஆபரேஷன். பழையபடி நடப்பாளா என்று கேட்டதற்கு டாக்டர், "பார்க்கலாம்" என்றார். (அதைக் கேட்டால் உங்களுக்கும் பக்தி வரும்.)

"வனத்துச் சின்னப்பரே, அவ உங்க மலையேறி வந்தா, என் கையால ஒரு ஜோடி செருப்பு தைச்சுப் போடுறேன்" என்று மலைக்குகைக் கோயில் புனிதரிடம் வேண்டிக்கொண்டேன்.

ஏறினாள். கம்பு ஊன்றி, பாறைக்குப் பாறை உட்கார்ந்து, ஏறியேவிட்டாள். பின்னால் நான், தாம்பாளத்தில் செருப்பு வைத்து, மல்லிகைப்பூ சுற்றி, தலையில் சுமந்துகொண்டு.

குகை வாசலில் கோயில் உபதேசியார் மறித்தார்.

"இன்னாபா இது? செருப்பை அடிவாரத்துலயே வுட்டுட்டு வரணும்னு தெரியாதா?"

"என்னுது இல்லீங்க. சின்னப்பருக்கு."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஜெபமாலை நின்றுவிட்டது. உபதேசியார் ஒதுங்கி, சின்னப்பரின் சுரூபத்தைக் காட்டினார். திருவிழாக் கூட்டத்தில் மாலைகளுக்கு மேலே அவர் முகத்தை மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். அன்று மாலைகள் எதுவும் இல்லை. முழ உயரத்தில், முழந்தாளிட்டு ஜெபிக்கிற சின்னப்பர். ஓலை உடை தரைவரை. கால் என்று ஒன்று வெளியே தெரியவே இல்லை.

"இன்னா சைசு?" என்றார் உபதேசியார்.

"ஒம்போது."

யாரோ சிரித்தார்கள். நான் ரீட்டாவின் காலைப் பார்த்தேன். நேர்ச்சையை நிறைவேற்றாமல் இறங்கினால் அவள் கால் என்னாகும்?

"ஒரு ஓரமாவாவது வெச்சிட்டுப் போறேங்க."

"எல்லாத்தையும் வுட்டுட்டு வனத்துக்குப் போனவருபா அவரு. அவராண்ட திரும்பவும் சாமான் சேக்குறியா?"

ரீட்டாதான் தாம்பாளத்தை என் தலையிலிருந்து இறக்கினாள். "தீர்த்தம் தெளிச்சுக் குடுங்கண்ணே. அவரு எனக்குக் குடுத்ததா இருக்கட்டும்."

உபதேசியார் தெளித்துக் கொடுத்தார்.

அடிவாரத்தில் போட்டுப் பார்த்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு வீங்கிப்போய், எந்தச் செருப்புக்குள்ளும் போகாத அந்தக் கால், அளவெடுத்ததுபோல் உள்ளே போயிற்று. (மற்றக் காலுக்கு அது தோணி.) பஸ் ஸ்டாப் வரை டப் டப்பென்று நடந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டே நான் பின்னால் போனேன்.

இன்றைக்கும் நான் யாருக்காவது பரிசு வாங்கக் கிளம்பினால் ரீட்டா வாசல்வரை வந்து கேட்கிறாள்: "மொதல்ல அவங்களுக்குக் காலு இருக்குதான்னு பாத்தியா?"