ஒரே மூச்சில் கால் போத்தல்

ஒரு கையால் சாராயப் போத்தலையும் மறு கையால் மூக்கையும் பிடித்தபடி செல்லையா அடுப்படியில் நின்றார். ஐம்பத்திரண்டு வயதுவரை அந்தச் சாமானை வாயில் வைத்தறியாத மனிதர். மகன் நிரோஷன் அதை விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான்.

"இத வெச்சு என்னங்க செய்யப் போறான்?" என்று மனைவி விஜயகலா கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமை கழுகுப்பாறை நுனியில நின்னு ஒரே மூச்சுல குடிக்கப் போறானாம். போன்ல ஒருத்தன் குடிக்கிறான்ல, அதே மாதிரி."

போனில் வருகிறவன் நல்ல வாட்டசாட்டமான பையன். மலை உச்சியில் நின்று கால் போத்தலை அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்துவிட்டுச் சிரிப்பான். பக்கத்தில் நிற்கும் பெண்கள் கைதட்டுவார்கள். சாராயத்துக்கு விளம்பரம் போட நாட்டில் தடையல்லவா? அதனால் சாராயம் என்ற பேச்சே அதில் கிடையாது. "நட்பு, துணிவு" என்று இரண்டே சொற்கள். போத்தல் மட்டும் பளபளவென்று மின்னும்.

போன வருசம் தேயிலைத் தோட்டத்தின் பக்கத்து டிவிசன் பையன் ஒருவன் குடித்துவிட்டு அதே பாறையில் வழுக்கி விழுந்தான். இன்னும் தடி ஊன்றித்தான் நடக்கிறான்.

"வேணாம்னு சொல்லிப் பாத்தீங்களா?"

"சொன்னேன். போனையும் புடுங்கி வெச்சேனே."

போனைப் பிடுங்கியவர் சும்மா இருந்திருக்கலாம். அப்படி என்னதான் இருக்கிறது என்று இரண்டு தரம் பார்த்துத் தொலைத்தார். அதற்குப் பிறகு அந்தப் போன் அவருக்கு வேறெதையும் காட்டவில்லை. விடியற்காலையில் புருசன் மலை உச்சிப் பெண்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதை விஜயகலா கண்டாள். அன்றைக்கே போன் மகன் கைக்குத் திரும்பிப் போய்விட்டது.

"இப்ப வேற வழி வெச்சிருக்கேன். அடுப்பப் பத்த வை" என்றார் செல்லையா.

சாராயத்தைச் சாக்கடைக் கானில் ஊற்றிவிட்டு, வாசனை போகாதபடி போத்தலைக் கழுவாமல் வைத்துக்கொண்டார். இருபத்தைந்து வருசம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. சாயம் பார்க்க அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்து அச்சு அசல் சாராய நிறத்தில், பால் சேர்க்காத பிளேன்டீ இறக்கினார். தொண்டை எரிய வேண்டுமே என்று இஞ்சி, மிளகு, ஓமம் எல்லாம் அதில் போய் விழுந்தன. மூடியை இறுக்கித் திருகி, போத்தலை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"குடிச்சிட்டு இருமிச் சாகட்டும். பொறகு அந்தப் பக்கமே தல வெச்சுப் படுக்க மாட்டான்" என்றார் திருப்தியாக.

புதன்கிழமை பின்னேரம் லய வீடுகளுக்குப் பின்னால் நிரோஷன் ஒத்திகை பார்த்தான். கூட்டாளி இந்திரகுமார் சாட்சி. ஜன்னலோரம் செல்லையா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"டேய், ஒரு இருமல்கூட இல்லாம முழுசையும் குடிச்சிட்டியேடா! தல சுத்துதா?"

"இல்லடா."

"ஒத்தக் கால்ல நில்லு பாப்போம்."

நிரோஷன் நின்றான். கொக்கு தோற்றுவிடும்.

"ஒனக்கு ஒண்ணுமே ஏறலடா! நீ மனுசனே இல்ல!"

மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் இதே பேச்சு. தோட்டத்திலேயே இப்படித் தாங்குகிற ஆள் கிடையாது என்றார்கள். வியாழக்கிழமை சாயந்தரம் நிரோஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கால் போத்தல் போதாதாம், மூன்றை வாங்கி விறகுக்குப் பின்னால் சொருகினான்!

செல்லையாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் பையன் ரோசத்தில் நிஜச் சாராயத்தையே வாங்கிக் குடிப்பான். சொல்லாவிட்டால், எதையும் தாங்குவேன் என்ற நினைப்பில் என்றைக்காவது குடித்துச் சாவான்.

"இப்ப என்னங்க செய்றது?"

"மூணுக்கும் இஞ்சி இருக்கா பாரு."

ஞாயிற்றுக்கிழமை அவரும் மூச்சு வாங்க வாங்கப் பாறைக்கு ஏறினார். அங்கே இருபது பையன்கள். நிரோஷன் பாறை நுனியில் நின்றான், கையில் பிளேன்டீ. அதில் பயமில்லை. ஆனால் மற்றவர்களும் ஆளுக்கொரு போத்தலை இடுப்பிலிருந்து உருவினார்கள். அத்தனையும் நிஜம்.

"நிரோஷனால ஏலும்னா நம்மளாலயும் ஏலும்டா! ஒண்ணு, ரெண்டு..." என்று இந்திரகுமார் எண்ணத் தொடங்கினான்.

ஊரார் பிள்ளைகளையெல்லாம் பாறைக்கு ஏற்றிவிட்டது தன் பிளேன்டீதான் என்று செல்லையாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நிப்பாட்டுங்கடா!" என்று கத்தினார். "அவன் குடிச்சது சாராயமில்ல. நான் ஊத்தி வெச்ச பிளேன்டீ!"

பாறையே அதிரும்படி சிரித்தார்கள்.

"பிளேன்டீ வீரன்!" என்று ஒருவன் கூவினான். போத்தல்கள் தாழ்ந்தன. ஆனால் நிரோஷனின் முகம் சிவந்தது. கண்ணில் நீர் முட்டியது. பாய்ந்து வந்து இந்திரகுமாரின் போத்தலைப் பறித்துக்கொண்டு மறுபடி நுனிக்குப் போனான்.

"இது நெசந்தானே? இப்ப பாருங்க!"

"டேய், அப்பா சொல்றதக் கேளுடா!" செல்லையா கெஞ்சினார். கிட்டப் போனால் பையன் பின்னால் அடி வைத்துவிடுவான் என்று நின்ற இடத்திலேயே நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஃபிளாஸ்கும் வடைக் கூடையுமாக ஒருவன் மேலே வந்து சேர்ந்தான். சந்தியில் தேத்தண்ணிக் கடை போட்டிருக்கும் ஜாபிர். போன வருசம்வரை கொழும்பில் வேலை செய்தவன். கூட்டம் என்றால் வியாபாரத்துக்கு வந்துவிடுவான். பிளேன்டீ வீரன் என்ற கூச்சலைக் கேட்டபடி வந்தவன், நடப்பதைப் பார்த்ததும் ஃபிளாஸ்கைக் கீழே வைத்தான்.

"தம்பி, அந்த வீடியோல வாற பொடியன் மாதிரியா செய்யப் போறீங்க?"

"ஆமா!" என்றான் நிரோஷன். போத்தல் உதட்டருகே போய்விட்டது.

"அவன விட நீங்க எவ்வளவோ மேல், தம்பி. அந்த வீடியோவ எடுத்த கொழும்புக் கம்பெனிலதான் நான் வேல செஞ்சேன். எடுக்கக்குள்ள போத்தலுக்கு பிளேன்டீ ஊத்திக் குடுத்ததே நான்தான். அதயும் ஒரே மூச்சுல குடிக்க ஏலாம அவன் ஒம்பது தரம் இருமினான்!"