பின்னக்கோடு மாடியேறின விவகாரம்

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எனக்கு மூட்டுவலி, உங்கள் மாமியாருக்கு என் தொல்லை, மற்றபடி சுகம். நீங்களும் என் மகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள். அதைக் கொஞ்சம் கெடுக்கத்தான் இந்தக் கடிதம்.

நான் பாட்டுக்கு மாடிப்படியில நோட்டீஸ் ஒட்டிக்கிட்டு நிம்மதியா இருந்தேன். "மேல் வீட்டார் கவனத்துக்கு: பூந்தொட்டித் தண்ணீர் என் தலையில் சொட்டுகிறது"ன்னு நான் எழுதினதைப் போட்டோ பிடிச்சு, "மாமா, உங்க கையெழுத்தைக் கம்ப்யூட்டர் எழுத்தா மாத்துறேன்"னு வந்தது யாரு? அந்த மேல் வீட்டுக் கணக்கு டீச்சரே அதைப் பார்த்துட்டு, "ஐயா, இந்த எழுத்தைப் பார்த்தாலே பயமா இருக்கு, என் பயிற்சிப் புத்தகத்தை இதுல அச்சடிச்சா பிள்ளைங்க ஒழுங்கா கணக்குப் போடும்"னாங்க. எனக்குத் தலைகால் புரியல. கணக்குல ரெண்டு தடவை ஃபெயிலாகி ஆறாங்கிளாஸோட ஓடினவன் எழுத்து, கணக்குப் புத்தகத்துல!

அப்புறம்தானே உங்க வேலையை ஆரம்பிச்சீங்க. வெறும் எழுத்து பத்தாது, கணக்குக்குன்னு தனியா அளவெல்லாம் ஏத்தணும்னீங்க. அடைப்புக்குறியை அஞ்சு சைஸ்ல எழுதச் சொன்னீங்க, எழுதினேன். கழித்தல் கோடு எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு அளந்து சொல்லுங்க, அதை வச்சுத்தான் பின்னக்கோடும் அடைப்புக்குறியும் எங்க நிக்கணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும்னீங்க. நானும் ஸ்கேலை வச்சு அளந்து பத்தொன்பது மில்லிமீட்டர்னு அனுப்பினேன். என்னை இதுக்கு மேல என்ன பண்ணச் சொல்றீங்க?

நேத்து நீங்க அனுப்பின மாதிரிப் பக்கத்தை டீச்சர்கிட்ட நீட்டினேன். மானம் போச்சு. சமக்குறி இடுப்பு உயரத்துல, பின்னக்கோடு தலைமயிர் உயரத்துல! அடைப்புக்குறி மேல ஏறிக்கிட்டு, போர்வை பத்தாதவன் மாதிரி எண்ணோட காலெல்லாம் வெளியே தெரியுது. டீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாங்க.

"என்ன ஐயா, சமக்குறி உங்க வீட்டுல நிக்குது, பின்னம் எங்க மாடிக்கு வந்துடுச்சே?"

"தண்ணி எங்கேருந்து சொட்டுதுன்னு பார்க்க வந்திருக்கும்."

சிரிக்கல. "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா வேற எழுத்துல அச்சுக்குக் கொடுத்துடுவேன்"னுட்டாங்க.

ஏன் மாப்பிள்ளை, ரெண்டு கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு ஒரு கோட்டை நிக்கவேண்டிய இடத்துல நிறுத்தத் தெரியலையா? என் மகளுக்கு நீங்க மாட்டிக் கொடுத்த அலமாரி சாய்ஞ்சப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். மூணாவது தடவையும் என்னைக் கணக்குல ஃபெயிலாக்கிட்டீங்களே! உங்க மாமியார் இதைப் போட்டோ எடுத்துப் போன்ல அனுப்புவா. பார்த்ததும் சரிபண்ணுங்க.

அலமாரி விழாமல், இருவரும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: கடிதத்தைப் போட்டோ எடுக்கும்போது டீச்சர் ஸ்கேலோட இறங்கி வந்தாங்க. கழித்தல் கோட்டோட உயரத்தை எழுத்தோட காலிலிருந்து எடுக்கணுமாம். நான் காகிதத்தோட அடியிலிருந்து எடுத்திருக்கேன். சரியான அளவு ஒன்பது. மேலே திட்டினது பேனாவுல எழுதினதால அழிக்க முடியல, அலமாரியைப் பத்தினது மட்டும் அப்படியே இருக்கட்டும். ஒன்பதைப் போட்டு இப்பவே அனுப்புங்க. இந்த உதவிக்குப் பதிலா நோட்டீஸைக் கிழிக்கச் சொன்னாங்க, கிழிச்சுட்டேன். அதனால என்ன? இனிமே அதே எழுத்துல அவங்க வீடு முழுக்கப் புத்தகம்தானே!