திறந்தது திறந்தாச்சு

"காஸ்கெட் மட்டும் மாத்தினா போதும்தானே?" என்று பல் டாக்டர் மறுபடியும் கேட்டார்.

மெக்கானிக் வாயையும் மூக்கையும் சேர்த்து ஒரு துணி கட்டியிருந்தார். அதற்கு மேலே தெரிந்த கண்கள், பானெட் திறந்து கிடந்த காரையே பார்த்துக்கொண்டிருந்தன. காலையில் நடுரோட்டில் வெள்ளைப் புகை கக்கி நின்று, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்ட கார். ஆயில் குச்சியை உருவியபோது பால் கலந்த காப்பி நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

"தண்ணி ஆயில்ல கலந்துருச்சு டாக்டர். ரெண்டையும் பிரிச்சு வைக்கிற காஸ்கெட் போயிருச்சு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அதுக்கு இன்ஜின் மேல்மூடியை, அதான் ஹெட்டை, இறக்கணும். திறந்து பார்த்தாத்தான் உள்ள என்னென்ன இருக்குன்னு தெரியும்."

இந்த வார்த்தைகளை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தபடியே டாக்டர் கிளினிக்குக்குப் போனார். மதியம் ஒரு பெண்மணியிடம், "நல்லா திறங்கம்மா, திறந்து பார்த்தாத்தான் உள்ள என்னென்ன இருக்குன்னு தெரியும்" என்று சொன்னபோது, எங்கே கேட்டோம் என்பது விளங்கிவிட்டது.

டாக்டருக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. பற்கள் மறக்காது. கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் விழிப்பார். அவர்கள் சிரித்த பிறகுதான், "அட, மேல் வரிசை இடைவெளி! எப்படி இருக்கீங்க?" என்பார். ஆகவே வாய் தெரியாத அந்த மெக்கானிக் அவருக்கு ஒரு புதிராகத்தான் இருந்தார். பேச்சும் துணிக்குள்ளிருந்து குழறி வந்தது. புகை ஒத்துக்கொள்வதில்லையாம். தொழில் புத்தி சும்மா இருக்குமா?

"ஒரு நாள் கிளினிக் பக்கம் வாங்களேன். பல்லைப் பார்த்துடறேன்."

"பார்க்க ஒண்ணுமில்ல டாக்டர்."

வாசல் மேசையில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் மனைவி, அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி தயாராக வேண்டும். அன்றைக்கு மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போகிறாள். பல் மருத்துவம் படிக்க இல்லை, வரலாறு படிக்க. "காலம் முழுக்க அடுத்தவங்க வாயைப் பார்த்துக்கிட்டு என்னால இருக்க முடியாதுப்பா" என்று அவள் சொல்லி, அவர் கோபத்தில் கத்திய நாளிலிருந்து, அப்பாவும் மகளும் அம்மாவை நடுவில் வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். "அவளைச் சாப்பிட வரச்சொல்லு." "அப்பாவை டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லும்மா." அந்த அம்மாள் பாடுதான் திண்டாட்டம்.

ஆனால் "நானே கார்ல கொண்டுபோய் விடறேன்" என்று டாக்டர் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னபோது, மகள் நேராக அவரிடமே "சரிப்பா" என்றாள். ஒரு பகல் முழுக்க ஓட வேண்டிய தூரம். முன் சீட்டில் அவள் இருப்பாள். வழியில் ஏதாவது ஒரு வளைவில், "தப்பு என் மேலதாம்மா" என்று சொல்லிவிடலாம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லக்கூடிய விஷயம் அது. வீட்டில், முகத்துக்கு நேரே சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது.

மறுநாள் மெக்கானிக்கிடமிருந்து போன் வந்தது. வீட்டு ஹாலில் வைத்துத்தான் எடுத்தார்.

"ஹெட்டை இறக்கிட்டேன் டாக்டர். அதுக்காக டைமிங் பெல்ட்டையும் கழட்டியாச்சு. அதுவும் பழசு. திறந்தது திறந்தாச்சு, அதையும் மாத்திடலாம். விட்டா, அது பக்கத்துல இருக்கிறதையும் கெடுத்துடும்."

டாக்டர் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம் குசுகுசுத்தார். "திருடன்! ஏமாத்தறான். இது நாங்க சொல்ற டயலாக்!"

"நாங்கன்னா?"

"பல் டாக்டருங்கதான். ஒரு பல் சொத்தைன்னா, பக்கத்துப் பல்லும் கெட்டுடும்னு சொல்லி..."

"சொல்லி?"

டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மகள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி அவரையே பார்த்தாள்.

"அப்போ நீங்க சொல்றதும் ஏமாத்துதானா?" என்றாள் மனைவி.

"சேச்சே! அது விஞ்ஞானம்."

"அப்போ இதுவும் விஞ்ஞானம்தானே? மாத்தச் சொல்லுங்க."

ஊருக்கெல்லாம் விஞ்ஞானம், தன் காருக்கு மட்டும் ஏமாற்று என்று மகள் முன்னால் எப்படிச் சொல்வது? டாக்டர் போனிலிருந்து கையை எடுத்தார். "மாத்திடுங்க" என்றார்.

அடுத்து வாட்டர் பம்ப் வந்தது. புது பெல்ட் இழுக்கிற இழுப்புக்குப் பழைய பம்ப் தாங்காதாம். பிறகு ஹெட் போல்ட்டுகள். ஒருமுறை முறுக்கி இழுபட்டவை மறுபடி பிடிக்காதாம். ஒவ்வொரு போனும் மனைவி பக்கத்தில் இருக்கும்போதே வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் புருவத்தை உயர்த்தினாள், டாக்டர் "மாத்திடுங்க" என்றார். விஞ்ஞானத்தின் மேல் அவருக்கே வெறுப்பு வர ஆரம்பித்தது.

கடைசியில், வால்வு சீல் என்று அடுத்த போன் வந்ததும், வேறு யாரிடமாவது கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். அவரிடம் ரூட் கேனலுக்கு வந்துகொண்டிருந்தவர் ஒரு பஸ் டிரைவர். இன்ஜினைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. நாற்காலியில் சாய்ந்து, வாயில் பஞ்சும் குழாயுமாகக் கிடந்தவரிடம் கேட்டார்.

"ஏங்க, ஹெட்டைத் திறந்திருக்கான். வால்வு சீலை மாத்தாம அப்படியே மூடச் சொல்லிடவா?"

"ஆ... ஆ..." என்று டிரைவர் கையை உதறினார். குழாயை எடுத்ததும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "என்ன டாக்டர் நீங்க? அரைகுறையா மூடக்கூடாதுன்னு சொன்னதே நீங்கதானே! அதை நம்பித்தானே ஒரு பல்லுக்குன்னு வந்தவன் இன்னிக்கு நாலாவது பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கேன்?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். வெளியே காத்திருந்தவர்களும் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் அங்கேயே போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "வால்வு சீலையும் மாத்திடுங்க!" என்று உத்தரவு போட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

அதற்குப் பலன் வெள்ளிக்கிழமை கிடைத்தது. "மேல எல்லாம் புதுசாயிருச்சு டாக்டர். அந்த அழுத்தத்துக்குக் கீழே பழைய பிஸ்டன் ரிங் தாங்காது. இன்ஜினையே வெளியே எடுக்கணும்."

டாக்டர் வேலையைப் போட்டுவிட்டு வொர்க்‌ஷாப்புக்கு ஓடினார். மெக்கானிக்கின் மனைவி மரியாதையாக ஸ்டூலை இழுத்துப் போட்டார். டாக்டர் உட்காரவில்லை.

"ஞாயித்துக்கிழமை எனக்கு வண்டி வேணும். இருக்கிறதை வச்சு மூடிக் குடுத்துடுங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

"மூடிடலாம் டாக்டர். வழியில நின்னா என்னைக் கேட்கக்கூடாது. வண்டியில பொண்ணு வேற வருதுன்னு சொன்னீங்க."

பெண்ணை வைத்துக்கொண்டு நடுவழியில் நிற்பதை டாக்டரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இன்ஜின் வெளியே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளும் அம்மாவும் பஸ்ஸில் கிளம்பினார்கள். பெட்டியைத் தூக்கி மேலே வைக்கத்தான் அப்பா தேவைப்பட்டார். மகள் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "விடுங்கப்பா, வண்டிதான் இல்லையே, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று ஆறுதல் வேறு சொன்னாள். அது அவரை இன்னும் கொன்றது. பஸ் உறுமியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார். சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள், அவள் முகம் நேரே தெரிந்தது.

"ராத்திரி பல்லு தேச்சுட்டுப் படும்மா" என்றார்.

"சரிப்பா" என்றாள் அவள். பஸ் போய்விட்டது. அன்றைக்கு வீட்டில் டிவியைக் குறைக்கச் சொல்ல ஆளில்லை. அவராகவே குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதற்கப்புறம் வண்டி தயாராகாமல் இருக்குமா? மறுநாளே தயாராகிவிட்டது. டாக்டர் பஸ் டிரைவரையும் கூட்டிக்கொண்டு போனார். இன்ஜின் முணுமுணுப்பதுகூடக் கேட்காமல் ஓடியது. குறை சொல்ல ஒன்றும் இல்லாததே அவருக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

"கழட்டின பழைய சாமான் எல்லாம் இதுல இருக்கு. எங்க வழக்கம், எதையும் வச்சுக்க மாட்டோம்" என்று மெக்கானிக் ஒரு சாக்கை அவர் காலடியில் வைத்தார்.

டிரைவர் சாக்கை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். பெல்ட்டை மடக்கிப் பார்த்தார். பம்ப்பை விரலால் சுழற்றிப் பார்த்தார். ரிங்குகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"டாக்டர், காஸ்கெட் போயிருக்கு, வாஸ்தவம். போல்ட்டு மாத்தினதும் சரி. மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு? இன்னும் பல வருஷம் ஓடியிருக்குமே!" சொல்லிவிட்டு, என்ன தோன்றியதோ, தன் கன்னத்தை மெல்லத் தடவிக்கொண்டார்.

டாக்டருக்கு ரத்தம் தலைக்கேறியது. காருக்காக இல்லை. பஸ் ஜன்னல் கம்பியிலிருந்து நழுவிப்போன தன் கைக்காக.

"மனுஷனாய்யா நீ? நல்லா இருந்ததை எல்லாம் எதுக்குய்யா கழட்டினே? என் பொண்ணோட ஒரு நாள்... ஒரே ஒரு நாள் போயிருப்பேன்! அதைக் கெடுத்துட்டியே! உனக்கு நான் என்னய்யா பாவம் பண்ணினேன்?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, பிடரியில் இருந்த முடிச்சை அவிழ்த்துத் துணியை இறக்கினார். வாயைத் திறந்தார். டாக்டர் பழக்க தோஷத்தில் குனிந்து உள்ளே பார்த்தார். மேலேயும் கீழேயும் வெறும் ஈறு. அடையாளம் கண்டுகொள்ள அங்கே ஒரு பல்கூட இல்லை.

வாசல் மேசையிலிருந்து மெக்கானிக்கின் மனைவி எழுந்து வந்தார். தரையில் சிதறிக் கிடந்த சாமான்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டு, வாயை இறுக்கக் கட்டி, டாக்டரின் கையில் கொடுத்தார்.

"ஒரே ஒரு கடைவாய்ப்பல் வலிக்குதுன்னு உங்ககிட்ட வந்தவர்தான் டாக்டர் இவர். நாங்களாவது கழட்டினதை எல்லாம் திருப்பிக் குடுத்துட்டோம்."