இரண்டாம் பேஸ் திருட்டு

"அவன் இரண்டாம் பேஸைத் திருடிப்போட்டான்" என்று சுவாம்பிள்ளை வாசித்ததும், சிக்னோர் கலோஜெரோ சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் நில்லும், சுவா. எதைத் திருடினவன்?"

"இரண்டாம் பேஸை, சிக்னோர்."

"பொலிஸ் வரேல்லையோ?"

சுவாம்பிள்ளை அந்தப் பக்கத்தை மறுபடியும் பார்த்தார். புத்தகத்தில் பொலிஸ் வரவில்லை. முப்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒருவன் பட்டப்பகலில் திருடுகிறான், அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள் என்றுதான் போட்டிருந்தது.

"இந்த விளையாட்டிலை களவெடுக்கலாம், சிக்னோர். சட்டத்திலை இடம் இருக்கு."

"பிறகு திருப்பிக் குடுக்கிறதோ?"

"ஓம். ஆட்டம் முடியக் குடுத்திடுவினம்."

"எஸாத்தோ!" என்றார் கிழவர். மிகச் சரி என்று அர்த்தம். சுவாம்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இருவரும் பேசியது இத்தாலியனில். சுவாம்பிள்ளையின் இத்தாலியனில் வினைச்சொற்கள் குறைவு, கைகால் அசைவுகள் அதிகம். சிக்னோர் கலோஜெரோவுக்கு எண்பத்தொரு வயது. தபால் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள், ஒரே மகள் மிலானோவில். பலேர்மோ நகரத்து லிபெர்த்தா வீதியில் ஏழு அறை வீடு, அதில் ஒரு மனிதர். கண் மங்கிவிட்டது, எழுத்துத் தெரியாது என்பார். பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் கண்ணாடி இல்லாமலே வாசிப்பார்.

வரவேற்பறை அலுமாரியில் நாற்பத்திரண்டு இங்கிலீசுப் புத்தகங்கள். நாற்பத்திரண்டும் பேஸ்போல் பற்றியவை. வீரர்களின் வாழ்க்கை, விதிமுறைகள், வருடாந்தப் புள்ளிவிபரம், எப்படி எறிவது, எப்படி அடிப்பது. ஒரு புத்தகம் முழுக்க ஆட்டக்காரர்களின் கையுறைகளைப் பற்றியது.

மூன்று மாதத்துக்கு முன், ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமியார் சுவாம்பிள்ளையிடம் கேட்டார். "உமக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியுமோ?"

"மன்னார்க் கச்சேரியிலை பதினெட்டு வருசம் கிளாக்கர் வேலை பாத்தனான், சுவாமி."

அடுத்த ஞாயிறு சுவாமியார் மறுபடியும் கூப்பிட்டார். "ஒரு பெரியவருக்குப் பின்னேரங்களிலை புத்தகம் வாசிச்சுக் காட்ட ஆள் வேணுமாம். பேஸ்போல் புத்தகங்கள். அந்த விளையாட்டுத் தெரியுமோ?"

"ஓம், சுவாமி. நல்லாத் தெரியும்."

கோயில் வாசலில் நின்று சொன்ன பொய் அது. சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் இரண்டு வருடம் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் அவர் கோப்பை கழுவினார். அங்கே நாள் முழுக்க அவரை நோக்கிச் சொல்லப்பட்ட ஒரே சொல் 'கெதியாய்', அதாவது சீக்கிரம். கால்சா என்ற பழைய குடியிருப்பில் அவர் இருந்த அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஆனால் வேலை நேரங்கள் மாறி மாறி வந்ததால் ஒருவரை ஒருவர் நித்திரையில்தான் பார்த்துக்கொண்டார்கள். மனைவி சூசையம்மாவும் மகளும் மன்னாரில். நாட்டில் நடக்கும் சண்டையால் கடிதம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.

இங்கே ஒரு கதிரை இருந்தது. அதில் போய் அமர்ந்ததும், "நேற்று எவ்விடத்திலை விட்டனாங்கள், சுவா?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். பிடிபட்டு இந்த வேலை போனால் வேறு வேலை கிடைத்துவிடும். அந்தக் கேள்வி கிடைக்காது. சுவாம்பிள்ளை பயந்தது அதற்குத்தான்.

ஆனால் கிழவரின் மற்றக் கேள்விகள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின. பேஸ் என்பது என்ன சாமான்? எறிகிறவனும் அடிக்கிறவனும் ஒரே கட்சியா? நாற்பத்திரண்டு புத்தகம் வைத்திருப்பவருக்கு இவை தெரியாமல் இருக்குமா? சுவாம்பிள்ளைக்கு விஷயம் விளங்கிவிட்டது. கிழவர் சோதிக்கிறார்.

சுவாம்பிள்ளை, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடைக்குப் போய்க் கனடாவின் தொறொன்ரோவுக்கு அழைத்தார். கச்சேரியில் பக்கத்து மேசையில் இருந்த பத்மநாதன் இப்போது அங்கேதான்.

"பேஸ்போலோ? போன மாசம் இஞ்சத்தைக் கட்சி வெண்டதெண்டு ஊர் முழுக்கக் கார் ஹோர்ன் அடிச்சவங்கள், மச்சான். காது இன்னும் இரையுது."

"உனக்கு அந்த விளையாட்டுத் தெரியுமோ?"

"தெரியாமல் என்ன? ரீவியிலை பாத்தனான். உது எங்கட எல்லே எல்லே?"

"என்ன எல்லே எல்லே?"

"எல்லேயடா! பள்ளிக்கூடத்திலை மூங்கில் தடியாலை பந்தை அடிச்சுப்போட்டு நாலு கம்பம் சுத்தி ஓடினமெல்லே, அந்த எல்லே!"

சுவாம்பிள்ளைக்குக் கண் திறந்தது. எல்லே அவருக்குத் தண்ணிபட்ட பாடு. பாடசாலைக் கட்சியின் தலைவராகவே இருந்தவர். கையில் இப்படி ஒரு சரக்கை வைத்துக்கொண்டா மூன்று மாதம் நடுங்கினோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து விளக்கங்கள் தாராளமாக வந்தன.

"ஓடுறவன்ரை முதுகிலை பந்தாலை எறிஞ்சால் ஆள் அவுட், சிக்னோர்."

"பந்து கல்லுமாதிரி எண்டு முந்தநாள் வாசிச்சீர்?"

"ஓம்."

"அப்ப சாகமாட்டினமோ?"

சுவாம்பிள்ளை தன் தலையைத் தடவினார். "அதுக்குத்தான் எல்லாரும் தொப்பி போடுறவை."

"எஸாத்தோ!"

சுவாம்பிள்ளை எழுந்து நின்று குடைக்கம்பால் அடித்துக் காட்டினார். சோபாவைச் சுற்றி ஓடிக் காட்டினார். கிழவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். காலைகளில் வந்து வீடு துப்புரவாக்கும் ஷாந்தால் ஒருநாள் வெளிக்கிடும்போது இந்த ஓட்டத்தைக் கண்டு கதவடியில் அப்படியே நின்றுவிட்டாள். அவள் மொரிசியஸ்காரி. பாட்டன் வழியில் தமிழ் என்றாலும் அவளுக்குத் தெரிந்த தமிழ் முருகன் பெயரோடு முடிந்துவிடும். "பியானோவிலை முட்டாதேயுங்கோ" என்று இத்தாலியனில் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு பின்னேரம் மழை பெய்தது. அன்றைக்கு இப்படி ஒரு வரி வந்தது.

"மூண்டு பேர் பேஸிலை நிண்டுட்டினம். ஒருத்தரும் வீட்டுக்கு வரேல்லை."

"வீடோ? விளையாட்டிலை வீடு இருக்கோ?"

"ஓம், சிக்னோர். வெளிக்கிட்ட இடத்துக்குத்தான் வீடெண்டு பேர். அங்கை திரும்பி வந்தால்தான் புள்ளி."

"வராட்டி?"

"வராட்டி நிண்ட இடத்திலை நிக்க வேண்டியதுதான்."

மூன்று மாதத்தில் சுவாம்பிள்ளை சொன்ன முழுக்கச் சரியான விளக்கம் இது ஒன்றுதான். அது அவருக்குத் தெரியாது. கிழவரும் எஸாத்தோ சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினார். சுவாம்பிள்ளை மகளுக்கு இப்போது எத்தனை வயது என்று கணக்குப் பார்த்தார். அவளுக்குப் பதினாலு முடிந்திருந்தது.

வினை மிலானோவிலிருந்து வந்தது. மகள் எமிலியானா ஞாயிறுகளில் தொலைபேசி எடுப்பாள். வேறு புதினம் ஒன்றும் இல்லாத கிழவர், இந்த ஞாயிறு முழுக்கப் பேஸ்போலைப் பற்றியே சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமையே அவள் மறுபடியும் எடுத்து, சுவாம்பிள்ளையுடன் கதைக்க வேண்டும் என்றாள்.

"அப்பாவுக்குப் பேஸ்போல் இவ்வளவு பிடிக்குமெண்டு எனக்கே தெரியாது! இரண்டு வருசமா நான் அந்தப் பக்கம் வரேல்லை. எனக்கு வெக்கமா இருக்கு."

பெற்ற மகளுக்கே தகப்பனைத் தெரியவில்லையே என்று சுவாம்பிள்ளைக்கு மனம் நொந்தது.

"பலேர்மோ பேஸ்போல் கழகத்துப் பயிற்சியாளர் என்னோடை படிச்சவர். ஞாயிறு அவரை வீட்டுக்கு அனுப்புறன். நீங்கள் மூண்டு பேரும் ஆசைதீரக் கதையுங்கோ!"

சுவாம்பிள்ளை ரிசீவரை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். கிழவரின் முகம் வெளுத்தது. எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார். மகிழ்ச்சி தாங்கமுடியவில்லை போலும் என்று சுவாம்பிள்ளை நினைத்தார்.

வெள்ளிக்கிழமை சுவாம்பிள்ளை கழுத்தில் மப்ளரோடு வந்து, காற்றுப்போன குரலில் தனக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்றார். "ஞாயிறு கதைக்கேலாது, சிக்னோர்."

"அட பாவமே! அப்ப அந்த ஆளை வரவேண்டாம் எண்டு சொல்லுவம். உடனை சொல்லுவம்!" கிழவர் கைத்தடிகூட இல்லாமல் தொலைபேசிக்குப் போனார். என்ன நல்ல மனம் என்று சுவாம்பிள்ளை உருகினார்.

ஆனால் எமிலியானா விடுகிற ஆள் இல்லை. இந்த ஞாயிறு வேண்டாம், அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்றாள். வீட்டில் வேண்டாம், மைதானத்திலேயே வைப்போம் என்றாள். சிறுவர்களின் ஆட்டம் ஒன்று ஒழுங்கு செய்யலாம், அப்பா முதல் பந்தை எறியட்டும், நான் விமானத்தில் வந்து இறங்குகிறேன். கடைசியாக, "நடுவராச் சுவாம்பிள்ளை நிக்கட்டும். அவரை விட்டால் ஆர்?" என்றாள்.

கோப்பி மேசையில் மூன்று பேரோடு முடிந்திருக்க வேண்டிய அவமானம், இப்போது இரண்டு கட்சிச் சிறுவர்கள், அவர்களின் தாய்தகப்பன்மார், விமானத்தில் வரும் மகள் என்று விரிந்துவிட்டது. சுவாம்பிள்ளை விதிமுறைப் புத்தகத்தைக் கால்சாவுக்கு எடுத்துப்போய்ப் புரட்டினார். முதல் பக்கத்திலேயே ஓடுபவனின் முதுகில் பந்தெறிவதில்லை, பந்தால் தொடுவதுதான் விதி என்று தெரிந்தது. இருபதாம் பக்கத்தில், ஒன்பது நாளில் இதைக் கற்க முடியாது என்றும் தெரிந்தது.

ஆட்டத்துக்கு முதல்நாள், சனிக்கிழமை மத்தியானம், கிழவர் நித்திரை கொள்ளும் நேரமாகப் பார்த்து, சுவாம்பிள்ளை கையில் ஒரு கடிதத்தோடு லிபெர்த்தா வீட்டுக்குப் போனார். எழுத நான்கு தாள் பிடித்தது. மூன்று தாள் மன்னிப்பு. நேரில் சொன்னால் சுவாம்பிள்ளை அழுதுவிடுவார், அதனால்தான் கடிதம்.

ஷாந்தால் வேலை முடித்து மேற்சட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"சிக்னோர் படுக்கையிலை" என்றாள். "காலைச் சுளுக்கிப்போட்டாராம். நாளைக்கு மைதானத்துக்கு வரேலாதாம்."

"ஐயோ! எந்தக் கால்?"

"எட்டு மணிக்கு இடது கால். பத்து மணிக்குப் பிறகு வலது கால்."

சுவாம்பிள்ளைக்கு அதைக் காதில் வாங்கும் நிலை இல்லை. கடிதத்தை அவள் கையில் திணித்தார்.

"இதை அவரிட்டைக் குடுத்துவிடு. நான் இனி வரமாட்டன். எனக்கு இந்த விளையாட்டுத் தெரியாது, ஷாந்தால். ஒரு ஆட்டமும் பாத்ததில்லை. ஊரிலை விளையாடின வேறை ஒண்டைச் சொல்லி ஏமாத்திப்போட்டன். அந்தப் பெரிய மனுசன் ஆயுள் முழுக்க ஆசையாச் சேர்த்த புத்தகங்கள்! அதை வாசிக்கிறன் எண்டு வந்து, பக்கத்துக்கு ஒரு பொய் சொன்னன். பின்னேரத்திலை இஞ்சை இருந்த அந்த நாலு மணித்தியாலத்தை விட மனம் வரேல்லை. அதுதான்."

மப்ளரின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஷாந்தால் கடிதத்தைப் பார்த்தாள். அலுமாரியைப் பார்த்தாள். பிறகு, இவருக்கு உண்மையிலேயே தெரியாதா என்பதுபோலச் சுவாம்பிள்ளையைப் பார்த்தாள்.

"ஆயுள் முழுக்கவோ?" என்றாள். "இங்கிலீசு வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் கோயிலிலை கடைசி வாங்கிலை தனிய இருக்கிறார் எண்டு சுவாமியார் சொன்ன கிழமைதான், இங்கிலீசிலை என்ன கிடைச்சாலும் வாங்கிக்கொண்டு வா எண்டு சிக்னோர் என்னைப் பழஞ்சாமான் சந்தைக்கு அனுப்பினவர், அங்கை கிடைச்சது இந்த இரண்டு பெட்டிப் புத்தகம்தான்."