முன்னுக்கு எத்தனை பல்லு?

அந்த யோசனை எனக்கு உதித்த இடம் தேயிலைத் தொழிற்சாலை. ரோலர் ஆடிக்கொண்டிருந்த பக்கமாக, கையில் பால் விடாத சாயத்தண்ணிக் கோப்பையோடு நின்றிருந்தேன். கூரைக்குக் கீழே ஒரே நீளத் தண்டு. அதில் பெரிதும் சிறிதுமாகச் சக்கரங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பெல்ட் இறங்குகிறது. ரோலர் நிதானமாக அரைக்கிறது, சல்லடை படபடவென்று உதறுகிறது. ஒரே இன்ஜின், வேறு வேறு வேகம், எந்தச் சண்டையும் இல்லை. ‘அட, ஜீப்பும் இவ்வளவுதானே!’ என்று நினைத்தேன். (கோப்பையைக் குடித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.)

ஜீப் என் மாமாவுடையது. லிந்துலைக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அவர், பட்டாளம் விட்டுப்போன பழைய ஜீப் ஒன்றை வாங்கி மேற்கணக்குக்கு அரிசி மூட்டை ஏற்றிவந்தார். மேற்கணக்கு எங்கள் தோட்டத்தின் உச்சிப் பிரிவு. எங்கள் வீடும் அங்கேதான். வழியில் கற்கள் வண்டியின் வயிற்றில் இடிக்கின்றன, பெரிய டயர் போடுங்கள் என்றேன். போட்டார். வயிறு தப்பியது, இழுவை போய்விட்டது. டயர் பெருத்ததால் ஒரு சுற்றுக்கு உருள வேண்டிய தூரம் கூடிவிட்டது. ஏற்றத்தில் இன்ஜினுக்கு மூச்சு வாங்கியது. கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் எங்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

“படிச்ச புள்ள சொன்னானேன்னு கேட்டேன் பாரு, என்னயச் சொல்லணும்” என்றார் மாமா.

படித்த பிள்ளை பின்னச்சைத் திறந்து பார்த்தான். உள்ளே எட்டுப் பல் கொண்ட சின்னப் பினியன், முப்பத்தொன்பது பல் கொண்ட பெரிய கிரவுன் வீலைச் சுற்றியது. பெரியதற்குப் பல் கூடினால் சக்கரம் மெதுவாகச் சுற்றும், இழுவை திரும்ப வரும். ஹட்டனில் மெக்கானிக் பியதாச பாஸின் கராஜில், பள்ளத்தில் விழுந்த புது ஜீப் ஒன்று கிடந்தது. அதன் பின்னச்சில் நாற்பத்து மூன்று பல்! முன்பக்கம்தான் நசுங்கிப்போயிருந்தது.

பாஸ் ஜோடியைக் கழற்றித் தந்துவிட்டு, “இஸ்ஸரஹ எக்க?” என்று சிங்களத்தில் கேட்டார். முன்னாலிருப்பதை என்ன செய்யப் போகிறாய் என்று அர்த்தம்.

“எப்பா, எப்பா” என்றேன். வேண்டாம். முன் சக்கரம் திருப்பத்தானே? தேவைப்பட்டால் அதுவும் இழுக்கட்டும், அதன் வேகத்தில், எங்கள் சல்லடை மாதிரி. பாஸ் தோளைக் குலுக்கினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஜோடியைப் பின்னச்சில் மாட்டியதும் ஜீப் ஏற்றத்தில் பறந்தது. “இன்ஜினியர் மருமகன்!” என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார் மாமா. அந்தப் பூரிப்பில்தான் அக்காவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையையும் அவர் அம்மாவையும் லிந்துலையிலிருந்து ஜீப்பில் அழைத்துவரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மாப்பிள்ளை இறம்பொடைப் பக்கம், லிந்துலை வரை பஸ்ஸில் வருகிறார்கள். ‘ஸ்டோருல வேல’ என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோரு என்றுதான் சொல்வோம். முகூர்த்தம் ஒன்பதரைக்குள்.

முந்தின நாள் பெய்த மழையில் மலைப்பாதையில் ஒரு வளைவு சேறாகிக் கிடந்தது. முன் சக்கரத்தையும் சேர்க்கும் லீவரை இழுத்து, “இப்பப் பாருங்க” என்றேன். ஜீப் சேற்றை உழுதுகொண்டு ஏறியது. மாப்பிள்ளையின் அம்மாகூடத் தலையாட்டினார்.

அப்புறம் மாரியம்மன் கோயிலுக்குக் கீழே கல் பதித்த ஏற்றம் வந்தது. ஸ்டியரிங் இறுகியது. வண்டி முனகியது, வெட்டக் கொண்டுபோகும் கிடாய் மாதிரி இரண்டு குதி குதித்தது, நின்றது. லீவரை இரண்டு கையாலும் இழுத்தேன், காலால் உதைத்தேன். அசையவில்லை. பெட்ரோல் இருக்கிறது. இன்ஜின் நல்லாயிருக்கிறது. எல்லாம் நல்லாயிருக்கிறது, வண்டி மட்டும் போகவில்லை!

சொந்தக்காரர்கள் தேர் வடத்தைக் கொண்டுவந்து கட்டினார்கள். நாற்பது பேர் “அரோகரா” என்று இழுத்தார்கள். எந்தத் தேரும் அந்த வடத்துக்கு அசைந்திருக்கும், ஜீப் அசையவில்லை. மேலே பந்தலில் மேளம் நின்றுபோனது. அப்பா அங்கிருந்து என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காப்புக் கட்டுன புள்ள சேத்துல நடந்து வந்து தாலி கட்டணுமா?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “அப்புடின்னா நாங்க இப்புடியே திரும்பிப் போயிர்றோம்.”

மாமா ஜீப்புக்கு ஓடிவந்து என் காதுக்குள், “டேய், ஒன் அக்கா கல்யாணம்டா” என்றார்.

பின் இருக்கையிலிருந்த மாப்பிள்ளை முன்னால் குனிந்து மெதுவாகக் கேட்டார்: “மச்சான், பின்னுக்குப் பல்லு மாத்துனீங்களாமே. முன்னுக்கு எத்தன பல்லு?”

“முன்னுக்கா?” என்றேன்.

அந்த ஒரு சொல்லில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “ஒங்க ஸ்டோருல ரோலரையும் சல்லடையையும் ஒரே சங்கிலியால கட்டுனா என்னாகும்?”

“ரெண்டும் இழுத்துக்கும். ஆனா இங்க யாரு கட்டுனா?”

“ரோடு” என்றார். “முன்னுக்கு ஒரு வேகம், பின்னுக்கு ஒரு வேகம். சேத்துல வழுக்கி விட்டுருச்சு. கல்லுல விடாது.”

அம்மா தடுப்பதற்குள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். (ஸ்டோரில் அவர் இன்ஜின் டிரைவர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.) சக்கரங்களுக்குக் கல் வைக்கச் சொல்லி, பந்தல் மூங்கிலால் ஒரு பின் சக்கரத்தை நெம்பினார். தரையை விட்டதும் அது சர்ரென்று தானாகச் சுழன்று நின்றது. நான் பிடித்திருந்த லீவர் வெண்ணெயில் இறங்கின கத்தி மாதிரி வந்தது.

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: “நான் எறங்குனத யாராச்சும் பாத்தீங்களா?”

“இல்லீங்க!” என்றார்கள் நாற்பது பேரும். அவர் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பின் சக்கரங்கள் மட்டும் இழுக்க ஜீப் பந்தலுக்கு ஏறியது, முகூர்த்தம் தப்பவில்லை. அக்காவின் கூறைச் சேலைத் தோளில் மட்டும் சக்கரத்தை நெம்பிய மாப்பிள்ளையின் ஐந்து கரிய விரல்கள் பதிந்தன. அந்த அடையாளம் போகவில்லை, போக்கவும் அக்கா விடவில்லை. நான் எதையாவது சரி செய்கிறேன் என்று எழுந்தால் போதும், வீட்டில் சின்னது பெரியது எல்லாம் ஒரே குரலில் “முன்னுக்கா?” என்கின்றன.

போன வாரம் முன்னச்சுக்கும் ஒரு ஜோடி கிடைத்தது. நாற்பத்து மூன்று பல். மூன்று முறை எண்ணிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை திறக்கப்போகிறோம். மச்சான் இறம்பொடையிலிருந்து நாலாவது முறை எண்ண வருகிறார். அக்காவும் கூட வருகிறாளாம், பழைய சேலையில்.